பிடிக்கிறவர்கள்

எனக்குக் கபடி தெரியும் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கை உண்டான வரலாறு எனக்குப் பெருமை தருவதல்ல. சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் கதாநாயகனைச் சடுகுடு ஆட விட்டிருந்தேன். பாடி வந்த எதிரியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து 'ஒரு நிமிஷத்துக்கு மேல்' அவன் நிறுத்தி வைத்தான் என்று எழுதினேன். அந்த அத்தியாயத்தைப் பலர் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: "ஐயா, பாடி வருகிறவனுக்கு மொத்தமே 30 விநாடிதான். உங்கள் கதாநாயகன் பிடித்துக்கொண்டிருந்ததில் பாதி நேரம் நடுவர் விசில் ஊதின பிறகு நடந்தது. அது கபடி இல்லை, அடிதடி."

நான் தப்பை ஒப்புக்கொண்டு பதில் போட்டேன். அதிலிருந்து நாங்கள் நண்பர்களாகிவிட்டோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கல்லூரியில் அவர் உடற்பயிற்சி இயக்குநர். கல்லூரியின் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். கேட்டால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்லுவார். தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். அதனால்தான் போன பருவத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஸார், நாளைக்கு டீம் எடுக்கிறேன். பாடறவங்களைப் பத்திக் கவலை இல்லே. பிடிக்கிறவங்கதான் கஷ்டம். வந்து பார்த்துட்டு உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க."

விடிவதற்கு முன்பே பூவிருந்தவல்லியில் பஸ் ஏறினேன். அந்தச் சாலையில் நான் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்காரர்கள் கார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டபோது, ஏரியும் வயலுமாக இருந்த சீமையில் இது என்ன கூத்து என்று பேசினவர்கள் உண்டு. இப்போது ஏரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். 2014-ல் அது மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், அப்புறம் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். விடியற்காலையில் அந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் பாதி, கம்பெனி பஸ்கள்தாம். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார்கள். எதிரே காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் தூங்குகிறார்கள். ராமாநுஜர் அவதரித்த ஊரில் டிரைவர்கள் மட்டுமே விழித்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நிற்க. கபடியில் பாடுகிறவனுக்குத்தான் பேர். தொட்டுவிட்டு ஓடி வந்தால் கைதட்டல். நடுக்கோட்டைத் தாவித் தொட்டால் போட்டோ. பிடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் கீழே கிடப்பான். அவன் மேல் நாலு பேர் கிடப்பார்கள். அமெரிக்காவில் கல்லூரிகளில் ஆடுகிற அவர்களுடைய ஃபுட்பாலிலும் இதே கதைதான் என்று அங்கே இருக்கிற என் மருமான் ஒரு தரம் சொன்னான். முன்வரிசையில் மலை மாதிரி ஐந்து பேர் நிற்பார்களாம். அதில் நடுவில் இருப்பவன் பந்தைக் காலுக்கிடையில் பின்னால் தள்ளிவிடுவதோடு சரி. மற்ற நாலு பேரும் ஆட்டம் முடிகிறவரை பந்தைத் தொடாமலேகூட வீட்டுக்குப் போகலாம். எதிரி வருகிற வழியை அடைத்து நிற்பதுதான் உத்தியோகம். ஆனால் அந்த ஐந்து பேர் யார் யார் என்று தீர்மானிப்பதற்குள் பயிற்சியாளருக்குத் தலை நரைத்துவிடுமாம். ஒருவன் எவ்வளவு பலசாலி என்பது மட்டும் போதாது. பக்கத்தில் நிற்கிறவன் எந்தப் பக்கம் அடி வைப்பான் என்று பார்க்காமலே தெரிய வேண்டும்.

கபடியிலும் நிலைமை மாறிக்கொண்டுதான் வருகிறது. 2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்தார்கள். 2023 ஏலத்தில் பவன் செஹ்ராவத் என்ற பாடகரை - அதாவது கபடிப் பாடகரை - 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தார்கள். அதே ஏலத்தில் ஷாட்லூயி என்ற ஈரான்காரருக்கு 2 கோடியே 35 லட்சம் விழுந்தது. அவருக்கு வேலை இடது கார்னரில் நின்று பிடிப்பது. நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனும் கார்னர்தான். நாற்பது வயசு தாண்டின பிறகு, 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் உலகக் கோப்பை ஜயித்த இந்திய அணியிலும் இருந்தார். 1990-லிருந்து ஆசிய விளையாட்டில் தங்கத்தைத் தவிர வேறொன்றும் தொடாத இந்திய ஆண்கள், 2018-ல் ஜகார்த்தாவில் ஈரானிடம் அரையிறுதியில் தோற்றார்கள். நம் பக்கத்தில் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் பக்கத்தில் பிடித்தார்கள்.

நான் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை இருக்கும். கல்லூரிக் கட்டிடத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி மண் ஆடுகளம். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியின் தகரக் கூரை தெரிந்தது. பையன்கள் பதினாறு பதினேழு பேர். பாடுகிறவர்கள் இரண்டு பேரை அவர் முன்பே தீர்மானித்துவிட்டார். பாடவும் பிடிக்கவும் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். மிச்சம் நாலு இடம்: இரண்டு கார்னர், இரண்டு கவர். அந்த நாலுக்கு ஒன்பது பேர்.

விளையாட்டில் சேருவதில் என்ன இருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஸார், தமிழ்நாட்டு அரசாங்க வேலையிலே விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் இருக்கு. ரயில்வே இருக்கு, போலீஸ் இருக்கு. அதுக்கெல்லாம் யூனிவர்ஸிட்டி டீம்லே ஆடின ஸர்ட்டிபிகேட் வேணும். யூனிவர்ஸிட்டிக்கு எடுக்கிறவங்க வந்து யாரைப் பார்ப்பாங்க? களத்திலே நிக்கிற ஏழு பேரை. பெஞ்சிலே உட்கார்ந்திருக்கிற அஞ்சு பேரை யார் பார்ப்பாங்க? இதிலே பாதிப் பசங்க லீவு நாளிலே கான்ட்ராக்ட்லே கம்பெனிக்குப் போறவன். நிரந்தரமா ஒரு வேலைன்னா அவன் வீட்டிலே அது இதுவரைக்கும் நடக்காத அதிசயம்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பரீட்சை விசித்திரமாக இருந்தது. அவர் ஒருவனைப் பாடச் சொல்லி அனுப்பினார். ஆனால் யாரையும் தொட முயற்சி செய்யக் கூடாது என்று காதோடு சொல்லி அனுப்பினார். அவன் 'கபடி கபடி' என்று முணுமுணுத்துக்கொண்டு போவான், பாக்லைனைத் தாண்டுவான், காலை நீட்டுவான், இழுப்பான், திரும்பி வந்துவிடுவான். பிடிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்த பையன் ஒருவன் இருந்தான். தோளும் மார்பும் அம்மன் கோயில் துவாரபாலகர் மாதிரி. அவன் காலை நீட்டினவுடன் பாய்ந்தான், ஆள் நழுவிவிட்டான், ஒரு பாயின்ட் போயிற்று. மறுபடியும் பாய்ந்தான், மறுபடியும் போயிற்று. நண்பர் அவன் பெயருக்கு எதிரே சின்னதாகக் கோடு போட்டார்.

"இவன் நல்ல பலசாலியாயிற்றே?"

"பலம் இருக்கு ஸார், பொறுமை இல்லே. 30 விநாடி சும்மா நிக்கத் தெரியணும். பாடறவன் எதுக்கு வரான்? நம்ம ஆள் தப்பா ஓரடி எடுத்து வைக்கணும்னுதான் வரான்."

என் கதாநாயகர்களில் சும்மா நிற்கத் தெரிந்தவன் எவனும் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலது பக்கத்து இருவரும் சீக்கிரமே முடிவாகிவிட்டார்கள். ஒருவன் தொடைப் பிடியில் சமர்த்தன். இன்னொருவன் ஓடுகிறவனைத் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதில் நிபுணன். இடது பக்கம்தான் சிக்கல்.

இடது கார்னருக்கு ஒரு பையன் நின்றான். ஒல்லி. கண்ணில் தூக்கக் கலக்கம் மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் எதிரியின் கால் போனஸ் கோட்டைத் தேடி வந்ததோ இல்லையோ, பாம்பு மாதிரி தரையோடு போய்க் கணுக்காலை இரண்டு கையாலும் கவ்விவிடுவான். கவ்வின பிறகு விடமாட்டான். ஆனால் அவனை மட்டும் நம்ப முடியாது. நல்ல பாடகன் அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். அரை விநாடிக்குள் கவர் வந்து வழியை மறிக்க வேண்டும்.

அந்தக் கவர் இடத்துக்குப் போட்டி இரண்டு பேருக்குள். இருவரும் கார்னர் பையனின் ஊர்க்காரர்களே. ஒருவன் அவனோடு சிறு வயதிலிருந்தே ஒரே அணியில் ஆடினவன். பொங்கல் போட்டிகளில் இருவரும் சேர்ந்து வாங்கின அண்டாவும் குத்துவிளக்கும் வீட்டில் இருக்கின்றன என்று சொன்னான். இன்னொருவன் காலனிப் பையன். ('காலனி' என்ற சொல்லை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிடுவதாக 2025-ல் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்துக்கு வழி கேட்டால் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) அந்த ஊரில் இரண்டு கபடி அணிகள். ஊர்த் தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. இரண்டும் வெளியூர்களுக்குப் போய் ஆடும். ஒன்றோடொன்று ஆடினதே இல்லை. ஆடக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஊர் அணி ஆடிய புறம்போக்கு நிலம் சிப்காட்டுக்குள் போய்விட்டது. காலனி அணி ஆடிய களம் அகலமான சாலைக்கு அடியில் இருக்கிறது. இரண்டு அணிக்கும் களம் போன பிறகும் ஓர் அணியாகச் சேரவில்லை.

காலனிப் பையன் இரவு பத்து மணி ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தான். சட்டையை மாற்றினானே ஒழிய பான்ட்டில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அவன் ஆடுவதைப் பார்த்தபோது எனக்கே புரிந்தது: இவன் வேறு ஜாதிக் குதிரை. (எழுதிவிட்ட பிறகு இந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்காமல் விடுகிறேன்; நம் பேச்சில் அந்தச் சொல் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.) எதிரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று அவன் திரும்புவதற்கு முன்பே போய் நிற்பான். ஓடிப் போய் நிற்பதாகவே தெரியாது.

கபடியில் பிடிக்கிறவர்கள் கை கோத்து நிற்பார்கள். சங்கிலி என்று பெயர். ஏழு பேரும் இருக்கும்போது கார்னருக்கும் கவருக்கும் நடுவே ஒருவன் நிற்பான். பெரும்பாலும் அவன் பாடுகிறவன். பாடப் போகிறவன்தானே முதலில் அவுட் ஆவான்? அவன் வெளியே போனதும் கார்னரும் கவரும் நேராகக் கை கோக்க வேண்டும். ஆட்டத்தில் பாதி நேரம் அப்படித்தான்.

நண்பர் நடுவில் இருந்தவனை வெளியே அனுப்பிவிட்டு, "ஆடுங்கடா" என்றார்.

கார்னர் பையன் கையை நீட்டினான். காலனிப் பையனும் நீட்டினான். விரலும் விரலும் பட்டன. அவ்வளவுதான், கோத்துக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சங்கிலி மாதிரியே இருக்கும். பாடி வந்தவன் தூரத்தில் இல்லை. இரண்டு கைக்கும் நடுவே புகுந்து போய்விட்டான்.

"கை" என்றார் நண்பர்.

மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அதே இடத்தில் சங்கிலி அறுந்தது.

"கை."

கோபம் இல்லை, பிரசங்கம் இல்லை. காந்தி, பெரியார், அம்பேத்கர் யாரையும் அவர் துணைக்குக் கூப்பிடவில்லை. எத்தனை தரம் அறுந்ததோ அத்தனை தரமும் அந்த ஒரே வார்த்தை. காலனிப் பையன் ஒவ்வொரு தரமும் தரையைப் பார்த்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான். கார்னர் பையனின் முகம் சிவந்துபோயிற்று. வேண்டுமென்று செய்கிறான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் கைக்கே அது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் பழைய ஜோடியை நிறுத்தினார். பார்க்காமலே கைகள் சேர்ந்தன. வந்தவன் எல்லாரும் அகப்பட்டார்கள்.

மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் அவர் கேட்டார். "சொல்லுங்க ஸார். யாரைப் போடலாம்?"

"இதில் என்ன சந்தேகம்? ஒத்துப் போகிறவர்களைப் போடுங்கள். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தானே இருக்கிறது?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நானும் ராத்திரி பூரா அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பையன் பொறுமைசாலி, இவன் இன்னும் பெரிய பொறுமைசாலின்னு சொல்லிச் சமாதானம் பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு ஸார். நல்லா ஆடறவன் யாரு?"

"காலனிப் பையன்தான்."

"அவன்கிட்டே நான் என்ன சொல்றது? 'நீ நல்லா ஆடறே, உன் பக்கத்திலே நிக்கிறவன் உன் கையைப் பிடிக்க மாட்டேங்கறான், அதனாலே நீ உட்காரு'ன்னா?"

என்னிடம் பதில் இல்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம் பட்டியலை ஒட்டினார். இடது கவர்: காலனிப் பையன். பழைய கூட்டாளி மாற்று ஆள். ஒட்டுவதற்கு முன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தம் வாயால் சொன்னார். நான் எட்டி நின்றாலும் காதில் விழுந்தது. "என்ன குறை ஸார் எங்கிட்டே?" என்று அவன் கேட்டான். "குறை ஒண்ணும் இல்லேடா. நீ வந்து நிக்கிறப்போ அவன் ஏற்கெனவே நின்னுக்கிட்டிருக்கான்" என்றார். பையன் அழவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கேட் வரை நடந்து போனான். என் மனம் இன்றைக்கும் அவன் பின்னால்தான் போகிறது. அவன் செய்த தப்பு என்ன? அவன் வீட்டிலும் நிரந்தர வேலை பார்த்தவர் யாரும் இல்லை.

மறுநாள் நண்பருக்கு ஊரிலிருந்து ஒருவர் டெலிபோன் செய்தாராம். மரியாதையாகவே பேசினாராம். "நீங்க படிச்சவங்க, எங்க ஊர் விஷயத்திலே..." என்று ஆரம்பித்தாராம். "ஐயா, இடது பக்கம் ஓட்டையா இருக்கு, அதை அடைச்சிருக்கேன். ஊர் விஷயம் எனக்குத் தெரியாது" என்று இவர் சொல்லிவிட்டாராம். கார்னர் பையன் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். ஏன் வரவில்லை என்று நண்பர் கேட்கவில்லை. விரலைக் கோக்காதே, வேர்வையில் வழுக்கும், மணிக்கட்டைப் பிடி என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்தார். அது ஆட்ட முறைதானா, வேறு யோசனையா என்று கேட்டேன். "இரண்டும்" என்றார்.

போட்டியைப் பார்க்கப் போனேன். முதல் ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்துப் பாடகன் புத்திசாலி. எங்கள் ஆள் நடுவில் இல்லை என்று கண்டவுடன் நேரே இடது பக்கம் வந்தான். கார்னர் பையன் கணுக்காலைக் கவ்வினான். அவன் இழுத்தான். கவர் குறுக்கே போய் நின்றான். மூன்று பேரும் புழுதியில் விழுந்தார்கள். எழுந்திருக்கும்போது பார்த்தேன்: ஒரு கை இன்னொரு மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தது. பிடித்தது யார் கை, பிடிபட்டது யார் மணிக்கட்டு என்று எனக்குத் தெரியவில்லை. இருவர் மேலும் ஒரே மண்.

இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டார்கள். தோற்றது இடது பக்கத்தால் அல்ல. பாடப் போனவர்கள் வரிசையாக அகப்பட்டுக்கொண்டார்கள். எதிர் அணியிலும் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்! பல்கலைக்கழக அணிக்குப் பார்க்க வந்தவர் காலனிப் பையனின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். கார்னர் பையனின் பெயரையும் குறித்தார். மாற்று ஆள் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

போன வாரம் நண்பர் கூப்பிட்டார். பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"பயிற்சி முடிஞ்சதும் கார்னர் பையன் அவனைப் பைக்கிலே கூட்டிக்கிட்டுப் போறான் ஸார்."

"ஊருக்கா?"

"இல்லே, கம்பெனி கேட் வரைக்கும். ஊருக்குள்ளே இன்னும் தனித்தனியாத்தான் போறாங்க" என்றார். அப்புறம் சற்றும் நிறுத்தாமல், "வலது கார்னருக்கு முழங்கால் வீங்கியிருக்கு ஸார். அந்த இடத்துக்கு மூணு பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்களேன்" என்றார்.